ஹைலக்ஸுக்கு 17 அங்குலச் சக்கரம்: கொல்லிமலைப் பாதையில் ஓட்டிப் பார்த்தபின்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் தோட்டமும் சமவெளியில் வீடும் உள்ளவர் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டி வைத்திருந்தால், 18 அங்குல ரிம்மைவிட 17 அங்குல ரிம்தான் அவருக்குப் பொருந்தும். அதில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பதை வண்டியை எடை போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் பொறுமையாக உடனிருந்து செய்துகொடுத்த நாமக்கல் டயர் கடை ஒன்றைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

எங்களுக்கு நாமக்கல்லில் கோழிப்பண்ணை. கொல்லிமலையில், சோளக்காட்டைத் தாண்டி, மிளகும் காப்பியும் போட்ட தோட்டம் இருக்கிறது. பண்ணையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார்; தோட்டம் என் பொறுப்பு. வண்டியையும் நான்தான் ஓட்டுகிறேன். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரை சமதளம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனபின் தோட்டத்துக்குள் செம்மண் தடம்; மழைக்காலத்தில் அது சேறு. ஒரே பயணத்தில் நெடுஞ்சாலை, மலைப்பாதை, சேறு மூன்றும் வந்துவிடுகின்றன. திரும்பும்போது பின்னால் மூட்டைகளும் இருக்கும். இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு எந்தச் சக்கரம் என்பதுதான் என் கேள்வி. நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு நான் எழுதுவது அவ்வளவாகப் பயன்படாது.

ஹைலக்ஸ் இந்தியாவில் 2022-இல் விற்பனைக்கு வந்தது. அதன் ஸ்டாண்டர்டு வகை 265/65 ஆர்17 டயருடனும், ஹை வகை 265/60 ஆர்18 டயருடனும் வருகின்றன. என்னுடையது ஹை. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்து வரும் 60 அல்லது 65, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 265-இல் 60 சதவீதம் 159 மி.மீ. அதுவே 65 சதவீதம் என்றால் 172 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் சிறுக்கிறது, ரப்பர் சுவர் 13 மி.மீ. உயர்கிறது. மொத்த வெளிவிட்டம் 18-க்கு 775 மி.மீ., 17-க்கு 776 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு.

இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் என் தீர்மானமே நிற்கிறது. வெளிவிட்டம் மாறவில்லை என்றால் வேகமானி பொய் சொல்லாது. கியர்களின் இழுவை மாறாது. சேற்றுத் தடுப்பிலோ சக்கரக் குழியிலோ டயர் உரசாது. அதைவிட முக்கியமானது ஸ்டெப்னி. அடியில் தொங்கும் 18 அங்குல ஸ்டெப்னியை நான் மாற்றவே இல்லை. வழியில் பஞ்சரானால் அதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்; நான்கு சக்கர இயக்கத்தில் இருந்தாலும் ஒரு சக்கரம் மட்டும் வேறு வேகத்தில் சுற்றி கியர்ப்பெட்டியை வருத்தாது. பெரிய டயர் போட்டவர்கள் பெரும்பாலும் ஐந்தாவது டயரை மறந்துவிடுகிறார்கள்.

அந்த 13 மி.மீ. உண்மையிலேயே என்ன தருகிறது? தார் உடைந்த ஓரத்தில் இறங்கி ஏறும்போது, கல்பாலத்தின் விளிம்பில் தட்டும்போது, முதலில் அடி வாங்குவது பக்கச்சுவர். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருப்பது அந்த ரப்பர் சுவர் மட்டும்தான். அது குட்டையாக இருந்தால் நசுங்கிய வேகத்தில் உள்ளே இருக்கும் இழைகள் அறுந்து, வெளியே கொழுக்கட்டை போல ஒரு வீக்கம் தெரியும். அந்த வீக்கத்துக்கு ஒட்டு இல்லை. டயரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். உயரமான சுவர் வளைந்து கொடுத்துத் தப்பிக்கிறது. தோட்டத்துத் தடத்தில் காற்றைக் குறைத்து ஓட்டும்போது இதன் பலன் இன்னும் நன்றாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இழப்பும் உண்டு. 18 அங்குலத்தில் திருப்பினால் வண்டி உடனே திரும்பியது. 17-இல் ஸ்டீயரிங் திருப்பிய கணத்துக்கும் முன்பக்கம் பணிவதற்கும் நடுவில் ஒரு சிறு தயக்கம் இருக்கிறது. நான் போட்ட புது டயரின் முகப்பிலுள்ள ரப்பர் கட்டைகள் ஆழமாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம். சேலம் நெடுஞ்சாலையில் விரைந்து போகும்போது இது தெரியும். கொண்டை ஊசி வளைவில், அந்த வேகத்தில், எனக்குத் தெரியவில்லை. நெடுஞ்சாலையிலேயே வாழ்கிறவர் 18-ஐ வைத்துக்கொள்வதுதான் சரி. தொழிற்சாலை அதைக் காரணமில்லாமல் போடவில்லை.

17-க்கு இன்னொரு வசதி, கிடைப்பது. ஃபார்ச்சூனரின் இருசக்கர இயக்க வகைக்கும் இதே 265/65 ஆர்17தான். அந்த வண்டி நம் ஊர்களில் எத்தனை ஓடுகிறது என்பது தெரிந்ததே. அதனால் அப்போலோ, யோகோஹாமா, பிரிட்ஜ்ஸ்டோன் என்று கேட்டால் கடைக்காரர் கையை விரிப்பதில்லை. ரிம்மும் அப்படித்தான் கிடைத்தது. ஃபார்ச்சூனர் வாங்கியவுடன் பெரிய ரிம் போட்டுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் கழற்றித் தரும் 17 அங்குல அலாய் (உலோகக் கலவை) ரிம்கள் சந்தைக்கு வருகின்றன. சேலத்தில் ஒருவரிடம் நான்கும் சேர்த்து 36,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸும் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. ஆறு போல்ட், போல்ட் வட்டம் 139.7 மி.மீ., நடுத்துளை 106.1 மி.மீ. இவை இரண்டுக்கும் ஒன்றே. இன்னோவா கிரிஸ்டாவின் ரிம் பார்க்க ஒத்திருந்தாலும் அதற்கு ஐந்து போல்ட். யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்கிவிடாதீர்கள்.

பழைய அலாய் வாங்குபவர்கள் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் சாயம் பூசி மினுக்கியிருப்பார்கள். வெல்டிங் வைத்த தடம் உள்விளிம்பில்தான் இருக்கும். பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மை மட்டும் மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். கோணல் இருந்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு வண்டியில் மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பிரேக் காலிப்பரில் எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்தபின்புதான் டயரை ஏற்ற வேண்டும். நட்டுகளும் முக்கியம். ரிம்மில் நட்டு அமரும் இடம் கூம்பாக இருக்கலாம், தட்டையாகவும் இருக்கலாம். ரிம் எந்த வடிவமோ நட்டும் அந்த வடிவம்தான் வேண்டும். மாறிப்போனால் இறுக்கியதுபோலத் தெரியும், ஓடஓடத் தளரும்.

இன்னும் பெரிதாக, இன்னும் சிறிதாகப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிக்கப்புகளில் பலர் ஆசைப்படும் 285/70 ஆர்17-இன் வெளிவிட்டம் 831 மி.மீ. நம்முடையதைவிட ஏழு சதவீதம் அதிகம். வேகமானி 100 காட்டும்போது வண்டி 107-இல் போய்க்கொண்டிருக்கும். தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் 28 மி.மீ. மட்டும்; பதிலுக்கு ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் எஞ்சின் கூடுதலாகத் திணறும், பிரேக்கும் கூடுதலாக உழைக்கும், சக்கரத்தை முழுதாக ஒடித்தால் சேற்றுத் தடுப்பில் உரசவும் கூடும். பாரம் ஏற்றி இறங்கும் வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறுபக்கம் 16 அங்குலத்தில் 265/70 போட்டால் பக்கச்சுவர் 185 மி.மீ. வரை உயரும், வெளிவிட்டமும் ஏறக்குறைய அதே 777 மி.மீ. காகிதத்தில் மிக அழகான கணக்கு. ஆனால் அவ்வளவு சிறிய ரிம்முக்குள் ஹை வகையின் முன் பிரேக் அடங்குமா என்பது ரிம்மின் உள்வடிவத்தைப் பொறுத்தது. மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க முடியாத விஷயம் அது. 17-க்கு அந்தக் கவலை குறைவு, ஏனென்றால் நிறுவனமே ஹைலக்ஸை அந்த அளவிலும் விற்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் இதையே எழுத்தில் தெரிவித்து, ஒப்புகையை வாங்கி வைத்திருக்கிறேன். நீங்களும் அதைச் செய்துவிடுங்கள்.

இனி கடை. நாமக்கல் லாரிகளின் ஊர். பாடி கட்டும் பட்டறைகளும் தேய்ந்த டயருக்குப் புது முகப்பு ஒட்டும் ரீட்ரெட் கூடங்களும் டயர் கடைகளும் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. என் அப்பா லாரி வைத்திருந்தவர். அவர் டயர் வாங்கிய இடத்தில்தான் நானும் வாங்கினேன். உரிமையாளருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நான் ரிம்களை இறக்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியோ பிராண்டைப் பற்றியோ இல்லை.

“அம்மணி, இதில் என்ன ஏற்றுவீர்கள்? எத்தனை மூட்டை, எந்தப் பாதை?”

“மிளகு, காப்பி, சில சமயம் எரு. எட்டு மூட்டைக்கு மேல் போகாது அண்ணா. காரவள்ளி வழிதான்.”

“அப்படியானால் டயர் அப்புறம். முதலில் எடை மேடைக்குப் போய்விட்டு வாருங்கள். வெறும் வண்டிக்கு ஒரு சீட்டு, பாரத்தோடு ஒரு சீட்டு. முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக.”

டயர் விற்கிறவர் விற்பனையை ஒத்திவைத்து எடை போட அனுப்புகிறார். இந்தக் கடைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி இதற்கே போய்விட்டது.

எடை போடுவது எளிது. முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒருமுறை, முழு வண்டியும் நிற்கும்படி ஒருமுறை. கழித்தால் பின் அச்சின் எடை. நான் மட்டும் அமர்ந்த வெறும் வண்டி மொத்தம் 2,140 கிலோ: முன்னால் 1,230, பின்னால் 910. ஐம்பது கிலோ மூட்டை எட்டும் உடன் ஓர் ஆளும் ஏறியபின் மொத்தம் 2,600: முன்னால் 1,270, பின்னால் 1,330. பாருங்கள், முன் அச்சு 40 கிலோதான் கூடியது. பின் அச்சு 420 கிலோ கூடியது. பாரம் ஏற்றினால் நான்கு டயருக்கும் ஒரே மாதிரிக் காற்றைக் கூட்டுவது எவ்வளவு பொருத்தமில்லாதது என்பது இந்த இரண்டு சீட்டுகளிலேயே இருக்கிறது. முன் டயர் தேவையில்லாமல் கல்லாகிறது, மழை பெய்த வளைவில் பிடிப்பை இழக்கிறது.

டயரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பக்கச்சுவரில் இருக்கும் பாரக் குறியீட்டைக் காட்டினார். 112 என்றால் ஒரு டயர் தாங்கக்கூடியது 1,120 கிலோ. பின்னால் இரண்டு டயரும் சேர்ந்து 1,330 கிலோ சுமக்கின்றன, ஒன்றுக்கு 665. தாராளமாகப் போதும். இதைக் கண்டபின், லாரி வகையான எல்டி டயர் எனக்கு வேண்டியதில்லை என்று முடிவானது. எல்டி டயரின் சுவர் தடிப்பானது, கல்லுக்கு அஞ்சாதது. ஆனால் ஒரே எடையைச் சுமக்க அதற்குச் சாதாரண டயரைவிட நிறையக் காற்று வேண்டும். அந்தக் காற்றோடு வெறும் வண்டியை ஓட்டினால் முதுகு தாங்காது. எந்நேரமும் பாரத்தோடு ஓடுபவருக்குத்தான் அது. வெறும் வண்டியாகவும் பாரத்தோடும் மாறிமாறி ஓடும் எனக்குச் சாதாரணக் கட்டுமானத்தில், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகையை எடுத்தேன். ஒன்று 15,000 ரூபாய்க்குச் சற்று மேல். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ரசீதில் அந்த வரியைப் பாருங்கள்.

தயாரிப்பு நாளையும் கேட்காமலேயே காட்டினார். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1025 என்றால் 2025-ஆம் ஆண்டின் பத்தாவது வாரம். நான்கு டயரும் ஒரே மாதத்துக்குள் வந்தவையாக எடுத்துக் கொடுத்தார். ஒன்று மட்டும் பழையதாக இருந்தது, அதை அவரே ஒதுக்கி வைத்தார். பழைய ரப்பர் வால்வுகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதியவை போட்டார். நட்டுகளை மெஷினால் ஏற்றிவிட்டு, கடைசி இறுக்கத்தை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் கையால், எதிரெதிராக. “நூறு கிலோமீட்டர் ஓடியபின் வந்து மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்” என்று சொன்னார். போனபோது காசு வாங்கவில்லை. நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்டேன். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், வாரம் ஒருமுறை அளவு பார்ப்பவருக்கு அது தேவையில்லை என்றார். நைட்ரஜன் மெஷின் அவர் கடையிலேயே இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். லாரிகளுக்குத்தான் அங்கே முதலிடம். பஞ்சர் போட்டுப் பயணத்தைத் தொடர வேண்டிய லாரி வந்துவிட்டால் நம் வேலை அப்படியே நிற்கும். காத்திருக்கும்போது உட்கார நிழலில் ஒரு பெஞ்சு மட்டும். பெண்களுக்குக் கழிவறை வசதி இல்லை. இதை அவரிடம் நேரிலும் சொன்னேன். நம் ஊர் டயர் கடைகளுக்குப் பெண்கள் ஓட்டிக்கொண்டு வருவது கூடிக்கொண்டே போகிறது. இந்த வசதியைச் செய்துகொடுக்க வேண்டியது அவசியம். அலைன்மென்ட் கருவியும் அவரிடம் இல்லை, வேறு கடைக்குத்தான் போக வேண்டும். அரை நாள் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொண்டு போங்கள்.

காற்றுக்கு வருகிறேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். அதிலுள்ள அளவுதான் எனக்கு அடிப்படை. தார்ச் சாலையில் அதற்குக் கீழே நான் போவதில்லை. டயரின் பக்கச்சுவரில் இருக்கும் எண் வேறு: என் டயரில் அது 51 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு). அது டயர் பொறுக்கும் உச்சவரம்பு. அவ்வளவு அடிக்க வேண்டும் என்று பொருளில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் அளவு இருக்கிறது. வெறும் வண்டியாகப் போகும்போது நான்கிலும் 32. எட்டு மூட்டையோடு முன்னால் 34, பின்னால் 40. இவை என் வண்டிக்கும் என் பாரத்துக்குமான எண்கள். உங்கள் அட்டையையும் உங்கள் எடைச் சீட்டையும் பார்க்காமல் இவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த எண்களுக்கு எப்படி வந்தேன்? இரண்டு சோதனைகள். சாக்கட்டியால் டயரின் முகப்பில் குறுக்கே ஒரு தடித்த கோடு போட்டு, நேர்ச்சாலையில் சற்றுத் தூரம் ஓட்ட வேண்டும். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. சமமாக அழிந்தால் சரி. பாரத்தோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். இன்னொன்று, கரடுமுரடான பாதையில் ஓட்டிப் பழகியவர்கள் சொல்லும் கணக்கு: குளிர்ந்த டயரில் இருந்த அளவைவிட, நன்றாக ஓடிச் சூடானபின் நான்கு பிஎஸ்ஐ அளவில் கூடியிருந்தால் பொருத்தம். அதற்கு மேல் நிறையக் கூடினால், காற்று குறைவாக இருந்ததால் டயர் அதிகம் நெளிந்து சூடாகியிருக்கிறது என்று பொருள். காலையில் 32 வைத்துக் கிளம்பினால், சோளக்காட்டில் 36 காட்டுகிறது. எனக்கு அது போதும்.

அளவு பார்ப்பது வண்டி இரவெல்லாம் நின்றபின், வெயில் ஏறுவதற்கு முன். ஒருபக்க டயரில் மட்டும் வெயில் பட்டாலே அளவு மாறும். வெப்பம் ஆறேழு டிகிரி மாறினால் ஒரு பிஎஸ்ஐ போல மாறும் என்று வைத்துக்கொள்ளலாம். சொந்தமாக ஒரு நல்ல அளவுமானி வாங்குங்கள். பல பேர் கைபட்ட பொதுக் கருவிகள் ஒன்றுக்கொன்று மூன்று நான்கு பிஎஸ்ஐ முரண்படுவதைப் பார்த்திருக்கிறேன். அலகையும் கவனியுங்கள்: ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

மலை ஏறுமுன் காற்றைக் குறைக்க வேண்டும், உயரத்தில் டயர் உப்பிவிடும் என்று அடிவாரத்தில் பலர் சொல்வார்கள். இதை நான் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்: வேண்டாம். உயரம் போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவது உண்மை. காரவள்ளியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் மேலே போனால் அதனால் அளவுமானி ஒன்றரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஆனால் மேலே குளிரும் இருக்கிறதே. கீழே 33 டிகிரியும் மேலே 22 டிகிரியும் இருந்தால், அந்தக் குளிர்ச்சி அதே ஒன்றரை பிஎஸ்ஐயைக் குறைத்துவிடும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகிறது. இரவு தோட்டத்தில் தங்கி விடியற்காலையில் பார்த்தால், கீழே வைத்த அளவுக்கு அருகிலேயே இருக்கிறது. அடிவாரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டு ஏறுகிறவர், பாரத்தோடு இறங்கும்போது அந்தக் குறைந்த காற்றோடுதான் எழுபது வளைவுகளிலும் இறங்குகிறார்.

இறக்கத்தில் இன்னொன்றும் நடக்கிறது. பிரேக்கின் சூடு ரிம்முக்கு ஏறி, ரிம்மிலிருந்து டயருக்குள் இருக்கும் காற்றுக்குப் போகும். காரவள்ளி வந்து இறங்கியதும் அளந்தால் எண் மிரட்டும். அப்போது காற்றை இறக்கக் கூடாது. ஆறியபின் அது குறைவாக நிற்கும். இரண்டாம் கியரில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இறங்குவதே அதற்கு மருந்து.

காற்றைக் குறைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: சேறு. மழைக்காலத்தில் தோட்டத்துக் கதவில் வண்டியை நிறுத்தி, நான்கிலும் 22 பிஎஸ்ஐக்கு இறக்குகிறேன். டயர் அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம் படர்கிறது. தரையைத் தொடும் பரப்பு நீண்டு, ஒவ்வொரு கட்டையும் மண்ணைக் கவ்வுகிறது. 17 அங்குலத்தின் உயர்ந்த சுவர் இங்கேதான் தன் விலையை ஈட்டுகிறது. முன்பு வேலிக்கல் வளைவில் சறுக்கி நின்ற இடத்தில் இப்போது லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை) நிதானமாக ஏறிவிடுகிறது. சுருக்கமாகத் திருப்பக் கூடாது, நடைவேகத்துக்குச் சற்று மேல்தான் போகலாம், மூட்டை ஏற்றியிருந்தால் இவ்வளவு இறக்கவே கூடாது. 18 பிஎஸ்ஐக்குக் கீழே நான் போவதில்லை. அதற்குக் கீழே பக்கவாட்டு அழுத்தத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. தாருக்குத் திரும்பியதும் பேட்டரியில் மாட்டும் சிறு கம்ப்ரசரால் மீண்டும் 32. நான்கு டயருக்கும் இருபது நிமிடம் பிடிக்கும். அந்த இருபது நிமிடத்தைச் சோம்பலால் விட்டுவிட்டு, குறைந்த காற்றோடு மலை இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பாதையில் எதிரே வருவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிய பஸ்ஸாகவும் இருக்கலாம்.

ஆல் டெரெய்ன் டயரின் சத்தம் பற்றிக் கேட்பீர்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கிறது. அது இந்த வகைக்கே உரியது. டீசலும் சிறிதளவு கூடுதலாகச் செலவாகிறது. எனக்கு இரண்டும் பொருட்டில்லை. மழையில் தார்ச்சாலையில் நிறுத்தும்போது முன்னைப்போல நம்பிக்கை இருக்கிறதா என்பதைத்தான் முதல் மழையிலேயே, வெறும் சாலையில், கவனித்துப் பார்த்தேன். இருக்கிறது, ஆனாலும் முன்னே போகும் வண்டிக்கும் எனக்கும் இடையே முன்பைவிடச் சற்று அதிக இடைவெளி விடுகிறேன்.

யார் இதைச் செய்யலாம் என்றால், ஹை வகை வாங்கி, மண்பாதையில் வாரம் தவறாமல் இறங்குபவர்கள். இருக்கும் 18 அங்குல டயர் நன்றாக இருந்தால் அது தேயும்வரை காத்திருங்கள். கட்டைகளுக்கு நடுவே இருக்கும் தேய்மானக் குறி, 1.6 மி.மீ. ஆழத்தில், மேல்பரப்புக்குச் சமமாக வரும்போது எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்போது ரிம்மையும் சேர்த்து யோசிக்கலாம். கழற்றிய 18 அங்குல ரிம்களை நான் விற்கவில்லை. அசல் ரிம் இருந்தால் வண்டியை விற்கும்போது மதிப்பு நிற்கும். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பின்டயரை நேராக முன்னாலும் முன்டயரைக் குறுக்காகப் பின்னாலும் மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். அடுத்த முறை அதற்குப் போகும்போது கழிவறையைப் பற்றி மறுபடியும் கேட்பேன்.